ரெக்கார்டு நோட்டு

2023 மே மாதம், அக்கா மகளின் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு நான்தான் கூடப் போனேன். அக்காவுக்கு அன்று மகளிர் குழுவில் கடன் தவணை கட்டும் நாள். "நீ காலேஜ்ல பாடம் எடுக்கிறவ. நீ பேசினா எடுபடும்" என்று அனுப்பிவைத்தாள். தலைமையாசிரியர் விண்ணப்பத்தை ஒருமுறை புரட்டிவிட்டு, "எந்த குரூப்மா?" என்று கேட்டார்.

"தொழிற்கல்வி சார். அடிப்படை மின்பொறியியல்" என்றாள் அவள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "சும்மா சொல்றா சார். கம்ப்யூட்டர் சயின்ஸ் போட்டுடுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பேச்சு எங்கேயோ கேட்டதாக இருந்தது. 1995-இல் இதேபோல ஒரு மேசைக்கு முன்னால் நின்றபோது, எனக்காக என் அப்பா பேசியது அது.

எனக்கு அப்போது பதினைந்து வயது. எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம். பெரியப்பா பேருந்து நிலையத்துக்கு எதிரே மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். சுற்றுவட்டாரக் கிணறுகளில் எரிந்துபோகும் பம்புசெட் மோட்டார் எல்லாம் அங்கேதான் வரும். கருகிய காயிலைப் பிரித்தெடுத்து, எத்தனை சுற்று என்று எண்ணி, அதே கனத்தில் புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கிக் காயவைப்பார். பள்ளிவிட்டு வந்ததும் சுற்று எண்ணுவது என் வேலை. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தாலும் எனக்கு எண்ணிக்கை தப்பாது. வயதுக்கு வந்த பிறகு கடைக்குப் போவது நின்றது. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. பெரியப்பா கூப்பிடுவதை நிறுத்தினார். அம்மா மாலையில் வேறு வேலை வைத்தாள்.

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வந்ததும் எலெக்ட்ரிக்கல் குரூப் வேண்டும் என்றேன். பள்ளிக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகையில் அந்த வகுப்பு நடந்தது. சேர்க்கைக்கு உட்கார்ந்திருந்த ஆசிரியர் கோபப்படவில்லை. "பொம்பளப் புள்ளைங்களுக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் இல்லம்மா" என்றார். பிறகு, "ஷாக் அடிச்சா யாரு பதில் சொல்றது?" என்றார். அதற்கும் பிறகு, "தையல் குரூப்ல இடம் இருக்கு, போடட்டுமா?" என்றார். அப்பாவுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. "அவ சும்மா சொல்றா சார். தையல் படிக்கவா இவ்வளவு மார்க் எடுத்தா? தேர்டு குரூப் போடுங்க." அங்கிருந்து தமிழ், அங்கிருந்து முனைவர் பட்டம், கவிதை, வேலை. தமிழ் எனக்கு நிறையக் கொடுத்திருக்கிறது. அதற்காக, முதல் ஆசை சும்மா சொன்னதாக ஆகிவிடாது.

அப்பாவின் மீது எனக்கு நீண்ட நாள் கோபம் இருந்தது. அவரைப் புரிந்துகொள்ள 1953-க்குப் போக வேண்டியிருந்தது. ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம்தான் பள்ளி. மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்துத் திராவிட இயக்கத்தினர் எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. என் தாத்தா தறிக்குழியில் கால் வைத்து நெய்தவர். அப்பாதான் தறிக்குழியிலிருந்து ஏறிவந்து அலுவலக நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள். 'தொழில் படிப்பு' என்ற சொல் அவர் காதில் விழும்போது, மறுபடியும் குழிக்குள் இறங்கச் சொல்வதுபோல் கேட்டிருக்கும். அந்த அச்சத்தை நான் சிறுமைப்படுத்த மாட்டேன்.

ஆனால் அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசும்போது மேடைகளில் அதிகம் சொல்லப்படாத பகுதி ஒன்று உண்டு. பையன்கள் அப்பாவிடம் தொழில் கற்க வேண்டும் என்றால், பெண் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அம்மாவோடு இருந்து வீட்டு வேலை கற்பார்கள். திட்டம் போனதும் பையன்களை அப்பாவின் தொழிலிலிருந்து விடுவிக்கப் பள்ளிக்கூடம் வந்தது. பெண்களின் பகுதி மட்டும் ஆணை எதுவும் இல்லாமலேயே தொடர்ந்தது. காலையில் வாசல் தெளித்து, தண்ணீர் எடுத்து, தம்பிக்குச் சோறு கட்டிவிட்டுப் பள்ளிக்கு வருகிற மாணவிகளை இன்றைக்கும் என் வகுப்பில் பார்க்கிறேன். அவர்களுக்கு அது முழுநாள் பள்ளியோடு சேர்ந்த அரைநாள் குலக்கல்வி.

பெண்களுக்குத் தனிப் பாடத்திட்டம் வேண்டுமா என்ற கேள்வி அரசுக்குத் தெரியாததும் அல்ல. 1962-இல் ஹன்சா மேத்தா தலைமையில் அமைந்த குழு அதைத்தான் ஆராய்ந்தது. ஆண் பெண் என்று பாடங்களைப் பிரிக்கத் தேவையில்லை என்பதே அது வந்தடைந்த முடிவு. பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையின் பத்தாவது பிரிவு, தொழிற்பயிற்சியிலும் சமத்துவம் வேண்டும், ஒரே பாடத்திட்டம் வேண்டும் என்கிறது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்தது 1993-இல். நான் அந்த மேசைக்கு முன்னால் நின்றது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அந்தக் கொட்டகைப் பக்கம் கழிப்பறை கட்டத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

இன்னும் பின்னால் போனால் அ. லலிதா இருக்கிறார். சென்னையில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்து, இருபது வயதாகும் முன்பே கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்றவர். 1940-இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து மின்பொறியியல் படித்தார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். பக்ரா நங்கல் அணைக்கான மின்கடத்தும் பாதை வடிவமைப்பில் பணியாற்றினார். அவர் தந்தையே கிண்டியில் பேராசிரியர். மகளுக்காகக் கல்லூரி முதல்வரிடம் பேசினார். எனக்கு அந்தப் பெயரை யாரும் பள்ளியில் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அப்பா ஒருவேளை யோசித்திருப்பார் என்று சில சமயம் நினைப்பேன். லலிதாவின் அப்பாவுக்கு மின்பொறியியல் கிண்டிக் கல்லூரியாகத் தெரிந்தது. என் அப்பாவுக்கு அது பெரியப்பாவின் கரி படிந்த கடையாகத் தெரிந்தது. இந்த வித்தியாசத்தில் சாதியும் வர்க்கமும் உட்கார்ந்திருக்கின்றன.

அந்த ஆண்டு தையல் குரூப்பில் சேர்ந்தவள் என் பக்கத்து பெஞ்சுத் தோழி. இப்போது அதன் பாடநூலுக்கு 'நெசவியலும் ஆடை வடிவமைப்பும்' என்று பெயர். எங்கள் காலத்தில் தையல்தான். நாங்கள் அவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்தோம். அவள் வீட்டில் பழுப்புத்தாளில் பேட்டர்ன் போடுவதைப் பார்த்த பிறகு எனக்கு அந்த இளக்காரம் போய்விட்டது. மார்பளவில் நாலில் ஒரு பங்கை எடுத்து, உடம்பு அசைய வேண்டிய தளர்வைச் சேர்த்து, தோள் சரிவைக் குறித்து, கைக்குழிக்கு வளைவு வரைவாள். தட்டையான துணி எங்கே மடிந்தால் உருண்டையான உடம்பின்மேல் உட்காரும் என்பது அவள் மனதுக்குள் படமாக இருக்கும். வடிவியல் வகுப்பில் நான் மனப்பாடம் செய்ததை அவள் சாக்குக்கட்டியால் செய்துகொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் வகுப்பில் அந்தப் பிரிவில் அவள்தான் முதல். பிறகு திருப்பூர் போனாள். பனியன் கம்பெனியில் அவளுக்குக் கொடுத்த வேலை செக்கிங். தைத்து வரும் துணியில் பிசிறு வெட்டி, ஓட்டை பார்த்து, மடித்து வைப்பது. "கட்டிங்ல போடுங்கண்ணே, நான் பேட்டர்ன் படிச்சிருக்கேன்" என்று கேட்டாளாம். கட்டிங் மாஸ்டர் சிரித்தாராம். பள்ளியில் அளந்து வெட்டித் தைப்பது பெண்களின் பாடம். கம்பெனியில் வெட்டுவதற்குக் கூலி அதிகம். அதனால் அது ஆண்களின் வேலை. எட்டு வருடம் செக்கிங்கில் நின்றுவிட்டு ஊர் திரும்பி வீட்டில் பிளவுஸ் தைக்கிறாள். தெருவில் கடை போட்டிருக்கும் ஆணுக்கு டெய்லர் என்று பெயர்ப்பலகை இருக்கிறது. அவள் 'தைக்கிற அக்கா'.

ஆக, கதவு இரண்டு பக்கமும் மூடியிருந்தது. ஆண்களின் கொட்டகைக்குள் எனக்கு இடமில்லை. பெண்களுக்கென்று ஒதுக்கிய வகுப்பில் அவள் கற்றது, காசாக மாறும் இடத்தில் அவள் கையில் இல்லை.

சொல்லிக்கொடுக்கிறவர்களின் நிலையும் ஒன்றும் வேறல்ல. 2012-இல் அரசுப் பள்ளிகளுக்குத் தையல், ஓவியம், இசை, கணினி, உடற்கல்வி போன்றவற்றுக்காகப் பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தபோது தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். பெயர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கின்றன. கோத்தாரி குழு பணி அனுபவம் என்றது. 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது தொழிற்கல்விப் பிரிவு வந்தது. பிறகு திறன் மேம்பாடு; 2022-இலிருந்து நான் முதல்வன். பள்ளிக்கூடத்தில் கைவேலை கற்றுக்கொடுப்பது நல்லது என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள், தங்கள் பிள்ளை அதில் சேராதவரை. என் அக்கா மகள் விஷயத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

பள்ளியிலிருந்து திரும்பும்போது அவள் பேசவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது கேட்டாள்: "சித்தி, நீங்க மகளிர் தினத்துக்கு மேடையில பேசுறீங்களே, அதெல்லாம் யாருக்கு?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் ஏன் அப்படிச் சொன்னேன்? ஷாக் அடிக்கும் என்றா? இல்லை. தொழிற்பிரிவு என்றால் 'படிப்பு வராத பிள்ளைகள்' என்று எங்கள் பேராசிரியர் அறையில் பேசுவார்கள். நாளைக்கு யாராவது, "உங்க அக்கா பொண்ணு எந்த குரூப்?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்திருக்கிறேன். தமிழ்ப் பேராசிரியையான நான், நன்னூல் பாயிரத்தை வருடாவருடம் நடத்துகிறேன். நூல் என்ற சொல்லுக்கு அங்கே ஒரு விளக்கம் உண்டு: சொல்தான் பஞ்சு, புலவன்தான் நூற்கிற பெண், அறிவுதான் கதிர். நூற்கும் பெண்ணின் கைவேலை இல்லாமல் புலவனைப் புகழ உவமை கிடைக்கவில்லை. ஆனால் இலக்கணம் எழுதியவர்களின் வரிசையில் அவளுக்கு இடமில்லை. இதை வகுப்பில் உணர்ச்சியோடு சொல்வேன், மாணவிகள் குறித்துக்கொள்வார்கள். வீட்டில் ஒரு பெண் கம்பியைக் கையில் எடுக்கிறேன் என்றால் மட்டும் எனக்குக் கௌரவம் குறைந்துவிடுகிறது.

மறுநாள் அவளோடு மறுபடியும் போனேன். தலைமையாசிரியர் விண்ணப்பத்தில் ஒன்றை அடித்து ஒன்றை எழுதினார். "இந்த குரூப் முடிச்சா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம்மா" என்று அவரே சொன்னார். முதல் நாளே அவளிடம் சொல்லியிருக்கலாம்.

கதை அங்கேயே நல்லபடியாக முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். வகுப்பில் நாற்பது பேர், பெண்கள் இரண்டு. அரையாண்டு விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்தவள் ரெக்கார்டு நோட்டைக் காட்டினாள். அசந்துபோனேன். அளவுகோல் வைத்து இழுத்த சுற்றுப்படங்கள், முத்து முத்தான எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் முழு மதிப்பெண். எங்கள் வீட்டு மாடிப்படி விளக்குக்குக் கீழே மட்டும்தான் சுவிட்ச். இரவு மேலே போய் எழுத உட்கார்ந்தால் விளக்கு விடியவிடிய எரியும். அணைத்துவிட்டுப் போனால் இருட்டில் ஏற வேண்டும். நோட்டில் 'மாடிப்படி ஒயரிங்' என்று ஒரு பக்கம் இருந்ததைப் பார்த்து, "இதை நம்ம வீட்டுக்குப் போட்டுக் கொடேன்" என்றேன்.

அவள் முகம் மாறியது. "படம் வரைவேன் சித்தி. கனெக்‌ஷன் குடுத்ததில்ல."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஐந்து பேருக்கு ஒரு பலகை. பையன்கள் கம்பி சீவுவார்கள், திருகு முடுக்குவார்கள். "உனக்குத்தான் கையெழுத்து நல்லாருக்கே, நீ ரீடிங் எழுது" என்பார்கள். எழுதினாள். பிறகு அவர்களுடைய ரெக்கார்டையும் எழுதிக் கொடுத்தாள். இன்னொரு பெண்ணும் அப்படியே. ஆசிரியர் நல்லவர். "ரெண்டு பேரு வந்ததுலதான் நம்ம வகுப்பு ரெக்கார்டு எல்லாம் அழகா இருக்கு" என்று பாராட்டினார். ஆறு மாதத்தில் அவள் இடுக்கியைப் பிடித்தது விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்கள்தான். பெண்கள் கழிப்பறை முன்கட்டடத்தில். போய்வருவதற்குள் பாதிச் செய்முறை முடிந்துவிடும்.

எங்கள் காலத்தில் கொட்டகைக்கு வெளியே நிறுத்தினார்கள். இப்போது உள்ளே விட்டு, பேனாவைக் கையில் கொடுத்துவிட்டார்கள். என் கையெழுத்தும் அழகுதான். என்னையும் எல்லா இடத்திலும் அதைச் சொல்லித்தான் உட்காரவைத்தார்கள். துறைக் கூட்டம் நடந்தால் குறிப்பு எழுதுவது நான்; கருத்தரங்கம் என்றால் சான்றிதழில் பெயர் எழுதுவது நான். தீர்மானம் எடுக்கும்போது என் தலை குனிந்து எழுதிக்கொண்டிருக்கும். அவள் சொல்லச் சொல்ல எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

"நான் வந்து உங்க சார்ட்ட பேசறேன்" என்றேன். "நீங்க வர வேணாம். நாங்க பாத்துக்கறோம்" என்றாள்.

ஜனவரியில் பள்ளி திறந்ததும் இரண்டு பேரும் முதலில் பையன்களிடம் சொன்னார்கள், இனி யாருக்கும் ரெக்கார்டு எழுத மாட்டோம் என்று. ஒரு வாரம் வகுப்பில் யாரும் அவர்களோடு பேசவில்லை. பிறகு ஆசிரியரிடம் போய், ஒவ்வொரு செய்முறைக்கும் வேலையை மாற்றி மாற்றிப் போடுங்கள், யார் கம்பி சீவுவது, யார் எழுதுவது என்று பட்டியல் ஒட்டுங்கள் என்று கேட்டார்கள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கு இது தோணவே இல்லம்மா" என்றாராம். அடுத்த வாரம் கொட்டகைச் சுவரில் பட்டியல் ஒட்டினார். சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவன், "அப்ப நான் படம் வரையக் கத்துக்கணுமா?" என்று கேட்டான். கற்றுக்கொண்டான், இவள் சொல்லிக்கொடுத்து.

கழிப்பறை மட்டும் இன்னும் முன்கட்டடத்தில்தான் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

முழுஆண்டுத் தேர்வு முடிந்து மே மாதம் வந்தாள். கையோடு இரண்டு டூ-வே சுவிட்ச், கேசிங் கேப்பிங் பட்டி, ஒயர் சுருள், டெஸ்டர். பெரியப்பாவை ஊரிலிருந்து வரச் சொல்லியிருந்தேன், மேற்பார்வைக்கு. எழுபத்தெட்டு வயது. படிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "மெயின ஆஃப் பண்ணிட்டியா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

எனக்கும் சொல்லிக்கொண்டே செய்தாள். ஒவ்வொரு சுவிட்சிலும் மூன்று முனைகள். கீழே இருக்கும் சுவிட்சின் நடுமுனைக்குப் பேஸ் வருகிறது. அதன் மற்ற இரண்டு முனைகளிலிருந்து இரண்டு கம்பி மேலே போய் அடுத்த சுவிட்சின் இரண்டு முனைகளில் சேர்கிறது. அங்கே நடுமுனையிலிருந்து விளக்கு. நியூட்ரல் நேராக விளக்குக்கு. இரண்டு சுவிட்சும் ஒரே கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் விளக்கு எரியும். வேறு வேறு கம்பியைத் தொட்டால் அணையும். அதனால் கீழே இருப்பவரும் போடலாம், மேலே இருப்பவரும் அணைக்கலாம். "யாருக்கு எங்கிருந்து வேணுமோ அங்கிருந்து" என்றாள். நான் ஒயர் சுருளைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கம்பியைச் சீவ எனக்கும் கொடுத்தாள். இரண்டு தடவை செம்பு இழையைச் சேர்த்து வெட்டிவிட்டேன். மூன்றாவது சரியாக வந்தது.

மெயினைப் போட்டு, கீழே தட்டினாள். எரிந்தது. மேலே ஓடிப்போய்த் தட்டினாள். அணைந்தது.

பெரியப்பா விளக்கைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்: "உனக்கு எண்ணிக்கை தப்பாதுல்ல. அப்புறம் கடைக்கு எத்தனையோ பசங்க வந்தானுக. ஒருத்தனுக்கும் அந்தக் கணக்கு வரல." நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் அதற்குமேல் பேசவில்லை. காபி கொண்டுவர உள்ளே போனேன்.

இப்போது அவள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். போன வாரம் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது அவளுடைய பழைய ரெக்கார்டு நோட்டுகள் கிடைத்தன. அரையாண்டு வரைக்கும் ஒரு கறை கிடையாது. ஜனவரிக்குப் பிறகு வந்த பக்கங்களில் எழுத்து அங்கங்கே சாய்ந்திருக்கிறது. ஒரு பக்கத்தில் சால்டரிங் இரும்பு பட்டுக் கருகிய புள்ளி. இன்னொன்றில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகை, ரேகை ரேகையாகத் தெரிகிறது. அந்தப் பக்கத்துக்கு இரண்டு மதிப்பெண் குறைவு. ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது: சுத்தம் தேவை.